எழுதும்வரை பொது

பொதுவில் கிடப்பது எங்கே கிடக்கிறது என்ற கேள்வி கொஞ்ச காலமாக என்னை விட்டபாடில்லை. புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு உதவாத கேள்வி இது. ஜாவா, சி பிளஸ் பிளஸ் போன்ற மொழிகளில் இதற்கான பதிலை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார்கள். அங்கே கிளாஸ் என்று ஒன்று இருக்கிறது. அதிலிருந்து பிறக்கும் ஆப்ஜெக்ட்டுகள் ஒவ்வொன்றும் தனக்கென்று சில மதிப்புகளை வைத்துக்கொள்கின்றன. எல்லோருக்கும் பொதுவான மதிப்புக்கு ‘ஸ்டாட்டிக்’ என்று பட்டம் கட்டி அதைக் கிளாஸிடமே கொடுத்துவிடுகிறார்கள். இது எனக்கு, இது நமக்கு என்பது பிள்ளை பிறப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. ஆனால் கிளாஸே இல்லாத மொழிகளும் உண்டு. அங்கே இருப்பதெல்லாம் ஆப்ஜெக்ட்டுகள் மட்டும்தான். தன்னிடம் இல்லாத ஒன்றை யாராவது கேட்டால் ஒரு ஆப்ஜெக்ட் தனக்கு மூத்த இன்னொன்றைக் கைகாட்டி, அங்கே போய்க் கேள் என்கிறது. அந்த மூத்ததுக்குப் புரோட்டோடைப் என்று பெயர். மூத்ததற்கும் ஒரு மூத்தது இருக்கலாம். கேள்வி படிப்படியாக மேலேறிப் போகும். யாருமில்லாத உச்சியைத் தொட்டதும், அப்படி எதுவும் கிடையாது என்று வெறுங்கையோடு திரும்பும். நாகர்கோவிலைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளிலிருந்து வருகிற பிள்ளைகள் இதை ஒரு சாயங்காலத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். வீட்டில் மூத்தவர்களைக் கேட்டுச் செய்து பழகியவர்களுக்கு இதில் என்ன கஷ்டம்? எனக்கு உறுத்துவதும் கேட்பதில் இல்லை. கேட்பது ஒரு வழியாகப் போகிறது, மாற்றுவது வேறு வழியாகப் போகிறது. இரண்டையும் எழுதிப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கின்றன. உறுத்தல் அங்கேதான்.

கற்பனையாக ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். டோக்கன் கொடுக்க இரண்டு கவுன்டர்கள். புரோட்டோடைப் வழியில் நடக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டில் முதலில் ஒரு மூத்த கவுன்டரைச் செய்து அதில் ‘எண்’ என்றொரு மதிப்பைப் பூஜ்யமாக வைக்கிறோம். பிறகு அதைப் புரோட்டோடைப்பாகக் கொண்டு இரண்டு கவுன்டர்களை உண்டாக்குகிறோம். இரண்டிடமும் சொந்தமாக எண் எதுவும் இல்லை. எண் என்ன என்று முதல் கவுன்டரைக் கேட்டால் பூஜ்யம் என்கிறது, இரண்டாவதும் அதையே சொல்கிறது. சரி, பொதுவாகத்தான் இருக்கிறது என்று நம்பி நோயாளிகளை உள்ளே விடுகிறோம். ஒருவர் முதல் கவுன்டருக்கு வருகிறார். எண்ணில் ஒன்றைக் கூட்டு என்று ஆணை. டோக்கன் 1. அடுத்தவர் இரண்டாம் கவுன்டருக்குப் போகிறார். அங்கும் அதே ஆணை. டோக்கன் 1. கையில் ஒரே எண்ணுள்ள சீட்டை வைத்துக்கொண்டு இருவர் டாக்டர் அறை வாசலில் முட்டிக்கொள்கிறார்கள். மூத்த கவுன்டரைப் போய்ப் பார்த்தால் அது ஒன்றும் அறியாததுபோல இன்னும் பூஜ்யத்தையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நடந்தது இதுதான்: ஒன்றைக் கூட்டு என்பது ஒரே ஆணையாகத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு காரியங்கள் இருக்கின்றன. பழையதைப் படிக்க வேண்டும். புதியதை எழுத வேண்டும். படிக்கும்போது மூத்தவரிடம் போனது. எழுதும்போது போகவில்லை, அந்தக் கவுன்டரிடமே புதிதாக ஒரு எண்ணை உண்டாக்கி அங்கேயே வைத்துவிட்டது. அந்த நொடியில் முதல் கவுன்டர் தனிக்குடித்தனம் போய்விட்டது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. திரையில் ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. புரோகிராம் நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை, யாராவது வந்து பார்த்திருப்பார்கள். இது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

இதை ஒரு விதியாக மனப்பாடம் செய்துகொள்ளலாம் என்று பார்த்தால் அடுத்த படியில் வேறொன்று காத்திருக்கிறது. அதே மூத்த கவுன்டரில் எண்ணுக்குப் பதிலாகக் காத்திருப்போர் பட்டியல் ஒன்றை, காலியான ஒரு அரேயாக வைப்போம். முதல் கவுன்டர் தன் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கிறது. இரண்டாம் கவுன்டரைக் கேட்டால் அதனிடமும் அந்தப் பெயர் இருக்கிறது! எழுதினால் பிரிந்துவிடும் என்று இப்போதுதானே படித்தோம்? இங்கே எழுதவில்லை; அதுதான் சூட்சுமம். பட்டியலை எடுத்துக்கொடு என்று கேட்டோம். அது படிப்பது, ஆகவே மூத்தவரிடம் போனது, அவரிடமிருந்த ஒரே பட்டியல் கைக்கு வந்தது, அதன் வயிற்றுக்குள் ஒரு பெயரைத் திணித்தோம். கவுன்டருக்கு எதையும் சூட்டவில்லை, சமக்குறியே போடவில்லை. பழைய பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய பட்டியலைச் சமக்குறி போட்டு வைத்திருந்தால் அது தனியாகப் போயிருக்கும். உள்ளே கைவிட்டுக் கிளறியதால் எல்லோருக்குமாக மாறிவிட்டது. மாற்றி வைப்பது ஒன்று, மாறச் செய்வது இன்னொன்று. கிளாஸ் வைத்திருக்கும் பைத்தானிலும் இந்தப் பொறி அச்சு அசலாக உண்டு. ஆகவே இதைப் புரோட்டோடைப் மொழிகளின் தனிக்குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் பைத்தானில் ஓரிடத்தில் சறுக்குகிறவன் எழுந்துகொள்ளக் கிளாஸ் என்றொரு தூண் பக்கத்தில் இருக்கிறது. இங்கே மூத்ததும் ஒரு ஆப்ஜெக்ட், இளையதும் ஒரு ஆப்ஜெக்ட். எது எல்லோருக்கும் பொது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிவதில்லை.

நான் இருக்கிற நாஞ்சில்நாட்டில், தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சேர்ந்த இந்த நெல்வயல் பூமியில், இதே குழப்பத்தைச் சில நூற்றாண்டுகள் வாழ்ந்து பார்த்திருக்கிறார்கள். நாஞ்சில்நாட்டு வேளாளர்களிடம் மருமக்கள் வழி இருந்தது. வேணாட்டு, திருவிதாங்கூர் ஆட்சியோடும் அங்கிருந்த நாயர் வழக்கங்களோடும் ஒட்டி வந்த ஏற்பாடு அது. ஒரு மனிதரின் சொத்து அவருடைய பிள்ளைகளுக்குப் போகாது. சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். குடும்பச் சொத்து முழுவதும் தறவாடு என்ற கூட்டுக் குடும்பத்தின் பெயரில் கிடக்கும். மூத்த ஆண், காரணவர், அதை நிர்வகிப்பார். கன்னிப்பூ அறுத்தாலும் கும்பப்பூ அறுத்தாலும் நெல் வந்து சேர்வது ஒரே பத்தாயத்துக்கு. பழைய வீடுகளில் அந்த மரப் பத்தாயத்தைத் திறந்தவர்களுக்குத் தெரியும்: உமியின் சுணையும் பழைய நெல்லின் புழுங்கிய வாடையும் கலந்து மூக்கில் ஏறும், கை அரிக்கும். அதிலிருந்து அளந்து உண்பது எல்லோருக்கும் உரியது. ஆனால் ஒரு வயலை ஒற்றி வைக்கவோ விற்கவோ எல்லோராலும் ஆகாது. மருமகன் ஒருவன் தன் உழைப்பில் ஒரு துண்டு நிலம் வாங்கினால் அது சுயார்ஜிதம். தறவாட்டுக் கணக்கில் அது ஏறவில்லை. அதாவது அவன் தனக்கென்று ஒன்றை எழுதிக்கொண்டான், மூத்தவரிடமிருந்த எதுவும் அசையவில்லை. காரணவர் ஒரு வயலைத் தொலைத்தால் கதை வேறு. அது பட்டியலுக்குள் கைவிட்டுக் கிளறிய கதை. பத்தாயத்தில் சாப்பிட்ட அத்தனை பேருக்கும் அடுத்த அறுப்பில் அளவு குறைந்தது. இரண்டும் வெளிப்பார்வைக்கு நில விவகாரம்தான், இரண்டுக்கும் ஓலையோ பத்திரமோ ஒன்றுபோல்தான் எழுதப்பட்டிருக்கும்.

தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்த ஏற்பாட்டைக் கிண்டலும் கோபமுமாக ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்று எழுதினார். பேசுகிறவள் ஒரு மனைவி. அந்தத் தேர்வு தற்செயலானதல்ல என்று நினைக்கிறேன். காரணவர் கண்மூடிய மறுநாள் அந்த வீட்டில் எதுவும் தனக்கில்லை என்று தெரிந்துகொள்கிறவள் அவள்தானே. நேற்றுவரை அவளும் அதே பத்தாயத்து நெல்லைத்தான் குத்திப் பொங்கினாள். நேற்றுவரை கேட்டதெல்லாம் கிடைத்தது. கேட்டது கிடைக்கிறதென்பதால் அது தன்னுடையது என்றோ, தனக்கும் பொதுவானது என்றோ நம்பிவிடுவதில் இருக்கிற ஆபத்தை அவளைவிட யார் சொல்ல முடியும்? பொதுச்சொத்து என்று பேசும்போதே யாருக்குப் பொது என்று கேட்டாக வேண்டும். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளில் நிலத்தைப் போலவே மனிதர்களையும் விற்று வாங்கிய ஆவணங்கள் இருக்கின்றன. அடிமை முறையை ஒழித்துத் திருவிதாங்கூர் அரசு 1855இல் அறிவிப்பு விட்டது. அந்த நெல்லை விளைவித்தவர்கள் எந்தச் சங்கிலியிலும் மூத்தவராகவோ இளையவராகவோ இல்லை. பட்டியலுக்குள் கிடந்த பெயர்களாக இருந்தார்கள். இது என் பேச்சுக்குப் புறம்பானது என்று ஒதுக்கத் தோன்றுகிறது. ஒதுக்கினால் பத்தாயத்தைப் பற்றி நான் சொன்னதெல்லாம் வெறும் பழம்பெருமையாகிவிடும்.

புரோட்டோடைப் மொழிகளின் மூத்த தலைமுறைக்குப் போனால் ஆச்சரியம் காத்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டின் வழக்கம் அங்கே வழக்கமே இல்லை. 1986இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் டேவிட் அங்கரும் ராண்டல் ஸ்மித்தும் ‘செல்ஃப்’ என்ற மொழியை வடிவமைத்தார்கள். ஸ்மால்டாக் என்ற மொழியில் கிளாஸ், அந்தக் கிளாஸுக்கு ஒரு கிளாஸ், அதற்கும் மேலே ஒன்று என்று மாடிமேல் மாடி கட்டியிருந்ததைப் பார்த்துச் சலித்து, எல்லாவற்றையும் ஒரே தளத்துக்கு இறக்கிவிட விரும்பினார்கள். செல்ஃபில் ஆப்ஜெக்ட் என்பது சில அறைகளின் தொகுப்பு. ஓர் அறை மதிப்பைச் சொல்லும். அதை மாற்றலாம் என்றால் பக்கத்திலேயே மாற்றுவதற்கான இன்னொரு அறை இருக்கும். இந்த இரண்டாவது அறைதான் விஷயம். மதிப்பைச் சொல்லும் அறை மூத்தவரிடம் இருந்தால் மாற்றும் அறையும் அவரிடமே இருக்கிறது. இளையவரிடம் ‘எண்ணை ஒன்று கூட்டு’ என்றால் படிக்கப் போன அதே வீட்டுக்குத்தான் எழுதவும் போகும். டோக்கன்கள் 1, 2, 3 என்று ஒழுங்காக வரும். கிளாஸ் மாறி என்று ஒரு தனி ஜாதியை அவர்கள் படைக்கவே இல்லை. பலருக்கும் மூத்தவரான ஒருவரிடம் மாற்றத்தக்க ஓர் அறை இருந்தால் அதுவே போதும். தனித்தனியாக வேண்டியதை ஒரு மாதிரி ஆப்ஜெக்ட்டில் வைத்து நகலெடுப்பார்கள். பொதுவாக வேண்டியதை ‘டிரெய்ட்ஸ்’ என்ற இன்னொரு ஆப்ஜெக்ட்டில் வைத்து எல்லோரையும் அதைச் சுட்டச் செய்வார்கள். நகல் ஒருவருக்கு, சுட்டு பலருக்கு. படித்தபோது இத்தனை எளிதாக இருக்க முடியுமா என்று சந்தேகமாகவே இருந்தது. சந்தேகத்துக்குக் காரணம் உண்டு: இந்த ஏற்பாட்டில் எந்தப் பேரனும் நேராகப் போய்த் தாத்தாவின் கணக்கைத் திருத்திவிடலாம்.

அதே 1986இல் ஹென்றி லீபர்மன் என்ற ஆய்வாளர் இன்னொரு திசையிலிருந்து வந்தார். யானை என்றால் என்ன என்று முதலில் இலக்கணம் வகுத்துவிட்டா யானையைத் தெரிந்துகொள்கிறோம் என்பது அவருடைய கேள்வி. கிளைடு என்று ஒரு யானையைப் பார்க்கிறோம்; சாம்பல் நிறம், நாலு கால். அடுத்து ஃபிரெட் என்றொரு யானை வருகிறது; கிளைடைப் போலத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம், வேறாகத் தெரிந்தால் அதை மட்டும் திருத்திக்கொள்கிறோம். கோவில் யானையைப் பார்த்தே யானையை அறிந்த நமக்கு இது உடனே ஒத்துப்போகிறது. ஆனால் கவனித்தால் இங்கே கிளைடின் சாம்பல் நிறம் ஃபிரெட்டுக்குப் பொதுவானதல்ல. அது ஓர் ஊகம். மறுத்துச் சொல்லும்வரை நிற்கிற ஊகம். ஃபிரெட்டுக்கு வெள்ளை பூசினால் கிளைடு வெளுக்கக் கூடாது. டோக்கன் எண்ணோ அப்படியல்ல. ஒரு கவுன்டரில் கூடினால் மற்றதிலும் கூடியே ஆக வேண்டும். என்னை உறுத்திக்கொண்டிருந்ததற்கு இங்கேதான் ஒரு வடிவம் கிடைத்தது. வேறு சொல்லாதவரை இருப்பது ஒன்று; எல்லோருக்கும் ஒன்றாக இருப்பது வேறொன்று. படிக்கிறவரை இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. முதல் தடவை எழுதும்போதுதான் இரண்டும் பிரிகின்றன. அந்தத் தருணத்தில் ஜாவாஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் ஃபிரெட்டின் நிறமாகவே நடத்துகிறது, செல்ஃப் மூத்தவரிடம் மாற்றும்படியாக வைத்த எல்லாவற்றையும் டோக்கன் எண்ணாக நடத்துகிறது. அங்கரும் லீபர்மனும் லின் ஆண்ட்ரியா ஸ்டைனும் 1987இல் ஓர்லாண்டோவில் கூடிப் பேசி ‘ஓர்லாண்டோ உடன்படிக்கை’ என்று சற்றே வேடிக்கையான பெயரில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பகிர்வது பிறக்கும்போதே நிலைத்துவிடுகிறதா, பிறகும் மாறுமா; சொல்லிப் பகிர்கிறோமா, சொல்லாமலே நடக்கிறதா; கூட்டத்துக்கா, ஆளுக்கா என்று மூன்று கேள்விகளாகப் பிரித்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே விடை சரிப்படாது என்று சமாதானமானார்கள். எழுதினால் எங்கே போகும் என்பதையும் நாலாவதாகச் சேர்த்திருக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

அந்த நாலாவது கேள்விக்கு நேராக விடை சொன்ன மொழி ஒன்று இருந்தது. இன்று அதைப் பேசுவார் இல்லை. 1993இல் ஆப்பிள் நிறுவனம் நியூட்டன் என்று ஒரு கைக்கணினியை விற்றது; அதற்காக வால்டர் ஸ்மித் வடிவமைத்தது நியூட்டன்ஸ்கிரிப்ட். அதில் ஒரு ஆப்ஜெக்ட்டுக்கு மூத்தவர்கள் இரண்டு வழியில் உண்டு. ஒருவர் புரோட்டோ, இன்னொருவர் பேரன்ட். திரையில் ஒரு பொத்தானுக்கு அதன் வடிவமும் நடத்தையும் புரோட்டோவிடமிருந்து வருகின்றன. அது எந்த ஜன்னலுக்குள் இருக்கிறதோ அந்த ஜன்னல் அதற்குப் பேரன்ட். முதலில் தன்னிடம், பிறகு புரோட்டோ வரிசையில், அங்கும் இல்லையென்றால் பேரன்ட் வீட்டில் என்று தேடும். தேடலில் முன்பின் வரிசை மட்டும்தான் வித்தியாசம். எழுதும்போதுதான் வழக்கு வேறு. புரோட்டோவிடம் கண்டெடுத்ததை மாற்றினால் மாற்றம் உன்னோடு நிற்கும், உன்னிடமே ஒரு புதிய மதிப்பு உண்டாகும். பேரன்ட்டிடம் கண்டெடுத்ததை மாற்றினால் அங்கேயே மாறும், அந்த ஜன்னலுக்குள் இருக்கிற எல்லோருக்கும் மாறும். இதில் நடைமுறை நிர்ப்பந்தமும் இருந்தது. நினைவகம் சுருக்கமான கருவி; புரோட்டோக்கள் பெரும்பாலும் ராம் என்ற எழுதத்தக்க நினைவகத்தில் இல்லாமல் படிக்க மட்டுமே முடிகிற ரோம் சில்லில், தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்டிருந்தன. எழுத நினைத்தாலும் முடியாது. முடியாமையை அழகான விதியாக மாற்றிக்கொண்டார்கள். நாஞ்சில்நாட்டுப் பிள்ளைக்கு மூக்கும் குரலும் நடையும் அப்பாவிடமிருந்து வந்தன. வயலும் வீடும் மாமனிடமிருந்து வந்தன. அப்பாவின் குரலில் அவன் கொஞ்சம் கட்டையாகப் பேசிக்கொண்டால் அப்பாவுக்கு எதுவும் ஆகாது. மாமன் வீட்டு வயலின் வரப்பை ஒரு சாண் நகர்த்தினால் தறவாடே பஞ்சாயத்துக்கு வந்து நிற்கும். இந்த இரண்டு மூத்தவர்களையும் ஒரே ஆளாக்கிவிட்டதுதான் ஜாவாஸ்கிரிப்ட் செய்த காரியம். வாழ்க்கை நியூட்டன்ஸ்கிரிப்ட் அளவுக்குச் சுத்தமாக இருந்ததில்லை என்பதும் உண்மை. அப்பாவின் சொத்திலிருந்து பிள்ளைகளுக்கு ஏதாவது சேர வேண்டும் என்று உகந்துடைமை என்ற ஏற்பாடு இங்கே இருந்தது. இரண்டு வழிகளும் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொண்டன, கோர்ட்டுகளுக்கு வேலை கொடுத்தன.

1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார் என்பது நம் துறையின் நாட்டார் கதைபோல ஆகிவிட்டது. செல்ஃபிடமிருந்து புரோட்டோடைப்பை எடுத்துக்கொண்டார். எழுதுவது மூத்தவர் வீட்டில் நடக்கும் என்ற அதன் வழக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அவசரத்தில் விட்டுப்போனது என்று சொல்லிவிடலாம், பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இளையவர் எழுதுவது இளையவரோடு நிற்கட்டும் என்பதில் ஒரு கருணை இருக்கிறது. இணையப் பக்கத்தில் யார் யாரோ எழுதிய துண்டுகள் ஒன்றாக ஓடுகின்றன. உச்சியில் எல்லா ஆப்ஜெக்ட்டுகளுக்கும் மூத்ததாக ஒரே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வழியில் போகிற எவர் எழுதினாலும் அங்கே போய்ச் சேரும் என்றால் என்ன ஆகும் என்பதைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை, நடந்தே இருக்கிறது. பயனர் அனுப்பிய தரவை அப்படியே ஆப்ஜெக்ட்டில் கலக்கிறபோது, அதற்குள் புரோட்டோடைப்பைச் சுட்டும் பெயரை ஒளித்து வைத்து உச்சியிலேயே எழுதிவிடும் தாக்குதல் உண்டு. பலரும் பயன்படுத்தும் லோடாஷ் நூலகத்தில் 2019இல் அப்படி ஓர் ஓட்டை கண்டுபிடித்து அடைத்தார்கள். காரணவர் கையெழுத்தைப் போலியாகப் போட்ட பத்திரம்தான் அது. திருட்டு எண்ணமே இல்லாமலும் இது நடக்கும். மூடூல்ஸ் என்ற பழைய நூலகம் எல்லா அரேக்களுக்கும் மூத்ததான ஆப்ஜெக்ட்டில் ‘ஃபிளாட்டன்’ என்று தன் கைச்சரக்கு ஒன்றை ஏற்றி வைத்திருந்தது. பல ஆண்டு கழித்து மொழிக்கே அதே பெயரில் ஒரு வசதி கொண்டுவரப் பார்த்தார்கள். பழைய இணையதளங்கள் உடைந்தன. 2018இல் அதை வைத்துப் பெரிய ரகளை. கடைசியில் பெயரை ‘ஃபிளாட்’ என்று குறைத்து 2019இல் சேர்த்தார்கள். பொதுவிடத்தில் ஒருவர் ஒருகாலத்தில் அடித்த முளையில் இன்னமும் எல்லோரும் தட்டுத்தடுமாறிச் சுற்றிப்போகிறோம்.

ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 2015இல் கிளாஸ் வந்தது. 2022 பதிப்பில் கிளாஸுக்குள்ளேயே ஸ்டாட்டிக் மதிப்பை எழுதி வைக்கும் வசதியும் வந்தது. அப்பாடா, பொதுவுக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது என்று பலர் நிம்மதியானார்கள். கிளாஸ் என்பது மேல்பூச்சுதான், கீழே ஓடுவது பழைய சங்கிலியே. ‘கவுன்டர்’ என்ற கிளாஸில் ஸ்டாட்டிக்காக எண்ணை வைத்து, அதிலிருந்து ‘அவசரக் கவுன்டர்’ என்று ஒரு துணைக்கிளாஸ் செய்தால், துணைக்கிளாஸுக்குக் கிளாஸே மூத்த ஆப்ஜெக்ட். அவசரக் கவுன்டர் மூலமாக எண்ணைப் படித்தால் மேலே போகும்; ஒன்றைக் கூட்டினால் அவசரக் கவுன்டரிடமே தனியாக ஓர் எண் முளைக்கும். முன்பு தூண் என்று நினைத்துச் சாய்ந்தது இங்கே தூணாக இல்லை. பொது என்று பெயர் சூட்டி, பதிவும் செய்து, பட்டாவும் வாங்கிய பிறகும் முதல் எழுத்தில் பிரிந்துவிடுகிறது. ரூபியில் இதற்கு நேர்மாறு: இரட்டை அட் குறி போட்ட மாறி பரம்பரை முழுவதற்கும் ஒன்றே, ஒரு கொள்ளுப்பேரன் தொட்டாலும் எல்லோருக்கும் மாறும், அங்கே அதைத் தொடாதே என்று புதியவர்களை எச்சரிக்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் ஹாஷ் குறி போட்டு அந்தரங்கமாக்கிய ஸ்டாட்டிக் மதிப்பு கொஞ்சம் நேர்மையானது. துணைக்கிளாஸ் வழியாக அதைத் தொடப்போனால் பிழை என்று கத்தி நிறுத்திவிடுகிறது. முரட்டுத்தனம் என்று சிலர் குறைப்படுகிறார்கள். சத்தமில்லாமல் பிரிவதைவிடச் சண்டை போட்டு நிற்பது மேல் என்பது என் கட்சி. இப்போதெல்லாம் பொது எண்ணைத் தொடும்போது ‘இது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் மூத்தவரின் பெயரைச் சொல்லியே எழுதச் சொல்கிறேன். கவுன்டர் புள்ளி எண். எழுத நீளம், ஆனால் யார் வீட்டுக் கணக்கில் கை வைக்கிறோம் என்பது வரியிலேயே தெரிந்துவிடும்.

மருமக்கள் வழியைச் சட்டம் போட்டுத்தான் முடித்தார்கள். நாயர்களுக்கு 1925இல் ஒரு சட்டம் வந்தது. கொல்லம் ஆண்டு 1101இல், அதாவது 1926இல், திருவிதாங்கூர் அரசு நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. பாகம் பிரிக்க வழி பிறந்தது, சொத்து மக்கள் வழிக்குத் திரும்பியது. மான்மியத்தில் பேசியவளின் பேத்திகளுக்கு அது நியாயம், சந்தேகமே இல்லை. பாகம் பிரித்த பிறகும் பிரிக்க முடியாமல் சில மிஞ்சின: கிணறு, நடைவழி, குடும்பக் கோயில். பழைய பாகப் பத்திரங்களில் இவை ‘பொதுவில்’ என்று விடப்பட்டிருக்கும். ஆளுக்கு ஆள் வீட்டில் மோட்டார் போட்டுக்கொண்ட பிறகு அந்தக் கிணற்றில் யாரும் இறைப்பதில்லை, யாரும் தூர்வாருவதுமில்லை. புரோகிராமிலும் இப்படி ஒன்றைக் காணலாம். எல்லா இளையவர்களும் தத்தமக்கு ஒரு மதிப்பை எழுதிக்கொண்ட பிறகு மூத்தவரிடம் இருப்பதை யாரும் படிப்பதில்லை. அது அழியவும் இல்லை. மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு இளையவர் தன்னுடையதை ‘டிலீட்’ சொல்லி அழித்துவிட்டால் அடுத்த கேள்வி பழையபடி மேலே போகும், மூத்தவரின் மதிப்பு மறுபடி தெரியவரும். பிரிந்தவர் திரும்பி வர ஒரு வழி இருக்கிறது என்பதில் எனக்கு முதலில் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆறுதல் நிலைக்கவில்லை. திரும்பி வருகிறவருக்குக் கிடைப்பது பிரிந்த அன்றைக்கு அங்கே இருந்த மதிப்பல்ல. இடைப்பட்ட காலத்தில் யாராவது மூத்தவரிடம் நேராக எழுதியிருந்தால் அந்தப் புதிய மதிப்பு. எந்த மதிப்பை வைத்துக்கொண்டிருந்தபோது பிரிந்தோம், எந்த வரியில் பிரிந்தோம் என்பது ஆப்ஜெக்ட்டில் எங்கும் எழுதப்பட்டிருக்காது. இது உன் சொந்தமா என்று கேட்டால் ஆமாம், இல்லை என்று சொல்லும். எப்போதிருந்து என்று கேட்க ஒரு வழி கிடையாது. நிலத்துக்கென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்கலாம். யார் யாருக்கு எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று வரிசையாக வந்துவிடும். ஆப்ஜெக்ட்டுக்கு அதை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். மூத்தவரிடம் அந்த மதிப்பை வெறும் மதிப்பாக வைக்காமல் ‘செட்டர்’ என்ற காவல் ஃபங்ஷனாக வைத்தால், இளையவர் எழுத முனையும்போது அவரிடமே எதுவும் முளைக்காமல் அந்த ஃபங்ஷன் அழைக்கப்படும். அதற்குள் யார் எழுத வந்தார், என்ன எழுதினார் என்று குறித்துக்கொள்ளலாம், பொது எண்ணையும் அங்கேயே கூட்டிவிடலாம். பத்துப் பன்னிரண்டு வரிதான் ஆகும். ஆனால் எது பொது என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அந்தக் காவலை வைக்க முடியும், அது தெரிந்திருந்தால் டோக்கன் 1 இரண்டு பேர் கைக்குப் போயிருக்காது.